அண்ணியின் பேட்ஜும் அம்மாவின் ஒருசந்தியும்

பொம்மிடி ரயில் நிலையத்தில், பெங்களூர் வண்டிக்குக் காத்திருந்த அத்தனை பேரும் பார்க்க, என் அம்மா குனிந்து தன் மருமகளின் இரண்டு முழங்கால்களிலும் கட்டைவிரலால் சிலுவை போட்டாள். நெற்றியில் போடுவதுதான் வழக்கம். பரீட்சைக்குப் போனாலும் பெண் பார்க்கப் போனாலும் நெற்றிதான். அண்ணி கூச்சத்தில் நெளிந்து, "அய்யோ அத்தை, எல்லாரும் பாக்கறாங்க" என்று தோள்பையால் காலை மறைத்தாள். "பாத்தா பாக்கட்டும். ஓடப்போறது காலுதான, நெத்தியா?" என்றாள் அம்மா. பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வண்டி போன பிறகு அம்மா வெறும் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துத் தன் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். என்ன வேண்டிக்கிட்டே என்று கேட்டேன். "சொன்னா பலிக்காது, நட" என்றாள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்தது. அம்மாவின் வேண்டுதல்களோடு வளர்ந்தவள் நான்.

மற்றவர்கள் மாதாவிடம் கேட்பார்கள், கிடைத்த பிறகு மெழுகுவத்தியோ மொட்டையோ கொடுத்துக் கணக்கை முடிப்பார்கள். அம்மாவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. அவள் முன்னாலேயே கொடுத்துவிடுவாள். வாங்கிக்கொண்ட பிறகு மாதா எப்படி இல்லை என்று சொல்வாள், அதுதான் அவள் வாதம். நான் பத்தாம் வகுப்பு தேற வேண்டும் என்று காப்பியை விட்டாள். அண்ணனுக்கு ஓசூர்க் கம்பெனியில் வேலை கிடைக்க வேண்டும் என்று கறியை விட்டாள். அண்ணிக்குச் சுகப்பிரசவம் ஆக வேண்டும் என்று செருப்பை விட்டாள், சித்திரை வெயிலில் சந்தைக்கு வெறுங்காலோடு போய் வந்தாள். எல்லாம் நடந்தது. நடக்காதது என் கல்யாண வாழ்க்கை ஒன்றுதான். ஒத்துவராமல் நான் பெட்டியோடு திரும்பி வந்தபோது அம்மா அழவில்லை. "எனக்குத்தான் குடுத்தது பத்தல" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். விட்டதை எதையும் அவள் திரும்ப எடுத்துக்கொண்டதில்லை. காப்பி போய், கறி போய், செருப்பு போய், இனி விடுவதற்கு அம்மாவிடம் மிச்சம் இருந்தது சோறு மட்டும்தான்.

அண்ணி என் அண்ணனின் மனைவி. கால்பந்து நடுவர். எங்கள் பக்கத்தில் ரெஃப்ரி என்றால்தான் புரியும். கல்லூரி நாட்களில் ஆடியவள், ஆட்டத்தை விட்டுவிட்டு விசிலை எடுத்தவள். வேகமாக ஆடுகிற இருபத்திரண்டு பேரோடு சேர்ந்து ஓட வேண்டும், ஆனால் பந்தைத் தொடக் கூடாது, அந்தக் கஷ்டம் எனக்குப் பிடித்திருக்கிறது என்பாள். கல்யாணமான புதிதில் விடியற்காலையில் அவள் கால்சட்டை போட்டுக்கொண்டு கடத்தூர் சாலையில் ஓடுவதைப் பார்த்து ஊரே வாயைப் பிளந்தது. அம்மாவும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தாள். ஒருநாள் பாப்பிரெட்டிப்பட்டியில் ஆண்கள் ஆட்டம் ஒன்றுக்கு அண்ணி விசில் ஊதப் போனாள், துணைக்கு அம்மாவும் போனாள். எருமைக்கடா மாதிரி ஒருத்தன் அண்ணியின் முகத்துக்கு நேரே விரலை நீட்டிக் கத்தியிருக்கிறான். அண்ணி சட்டைப்பையில் கை விட்டாள். மஞ்சள் அட்டையை எடுத்து மேலே தூக்கினாள், அவன் வாயை மூடிக்கொண்டு திரும்பிப் போனான். அன்றோடு அம்மா கட்சி மாறிவிட்டாள். அதற்கப்புறம் வீட்டில் நானும் அண்ணனும் சண்டை போட்டால் ஆணியில் தொங்கும் மஞ்சப்பையை எடுத்து எங்கள் முன்னால் தூக்கிக் காட்டுவாள். ஓடுகிறவளைப் பற்றி யாராவது ஒரு சொல் சொன்னால் தெருவிலேயே நின்று நாறடித்துவிடுவாள்.

அண்ணிக்கு ஒரே ஆசை. உலகக் கால்பந்து அமைப்பின் நடுவர் பட்டியலில் பெயர் வர வேண்டும். வந்தால் சட்டையின் நெஞ்சுப் பக்கம் ஒரு பேட்ஜ் குத்திக்கொள்ளலாம், ஆசியப் பெண்கள் போட்டிகளுக்குப் போகலாம். பேட்ஜில் அந்த வருஷம் பொறித்திருக்கும். வருஷம் முடிந்தால் அதுவும் முடிந்தது, மறுபடி ஓடிக் காட்டினால்தான் அடுத்தது. ராத்திரிச் சாப்பாட்டின்போது அண்ணி இதையெல்லாம் அம்மாவுக்கு விளக்குவாள். நாடுகளின் தரவரிசையைப் போனில் எடுத்து, எது மேலே, எது கீழே, பெரிய அணியைச் சின்ன அணி ஜெயித்தால் புள்ளி எப்படி எகிறும் என்று சொல்லுவாள். அம்மா கன்னத்தில் கை வைத்துக் கேட்பாள். "நம்ம பொண்ணுங்க எங்க இருக்காங்க?" என்பாள். விரல் வெகுதூரம் கீழே போவதைப் பார்த்து உச்சுக்கொட்டுவாள். "டீம் கீழ இருந்தா என்னங்க அத்தை? பதினோரு பேரும் நல்லா ஆடுனாத்தான் டீம் போவும். ரெஃப்ரி தனியாப் போலாம். நம்ம நாடு போவாத உலகக் கோப்பைக்குக்கூட நான் போலாம்" என்பாள் அண்ணி. "அப்ப நம்மாளுங்க ஆடறப்ப நீதான் ஊதுவியா?" "ஊதக் கூடாதுங்க. சொந்த நாட்டு ஆட்டத்துக்கு உடமாட்டாங்க." அம்மாவுக்கு அது மட்டும் செரிக்கவே இல்லை. பிறகு ஒரு கேள்வி கேட்டாள். "மேல போவணும்னா என்ன குடுக்கணும்?" கோல் போடணும், ஜெயிக்கணும், ஓடணும் என்று அண்ணி சிரித்தாள். "அதெல்லாம் சரி" என்றாள் அம்மா. அவள் கேட்டது அதை இல்லை என்று எனக்கு மட்டும் தெரிந்தது.

அந்தப் பட்டியலுக்கு ஓட்டத் தேர்வு உண்டு. விசில் அடித்தால் குறித்த நேரத்துக்குள் ஒரு கோட்டிலிருந்து இன்னொரு கோட்டுக்குப் பாய வேண்டும், கொஞ்சம் நடக்க வேண்டும், மறுபடி பாய வேண்டும். கால் கோட்டைத் தொடுவதற்குள் விசில் அடித்துவிட்டால் எச்சரிக்கை, மறுபடி பிந்தினால் வீட்டுக்குப் போகலாம். பாப்பா பிறந்த மறு வருஷம் அண்ணி போய்த் தோற்று வந்தாள். கடைசிச் சுற்றில் ஒரு காலடி பிந்திவிட்டது. இந்த முறையும் விட்டால் அடுத்த வருஷம் உன்னைப் பரிந்துரைக்க மாட்டோம், சின்னப் பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்கள். தோற்று வந்த அன்று அண்ணி குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். அம்மா கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள். அப்போது அவள் முகம் இருந்த இருப்பு எனக்குப் பயமாக இருந்தது.

ஆக, பொம்மிடியில் அண்ணியை ஏற்றிவிட்டது அந்தக் கடைசி வாய்ப்புக்கு, தேர்வுக்குச் சில நாள் முன்னாலேயே. ஏறும்போது அண்ணி எங்கள் அம்மாவிடம் ஒரே ஒரு வாக்கு வாங்கினாள். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. காலையும் மாலையும் மாத்திரை. அதை மறந்துபோவதும், எடுத்துக் கொடுத்தால் முந்தானையில் முடிந்து வைப்பதும் அவளுக்கு வழக்கம். "மாத்திரைய மட்டும் உட்றாதீங்க அத்தை. நீங்க போட்டீங்கன்னு தெரிஞ்சாத்தான் எனக்கு அங்க கால் ஓடும்" என்றாள் அண்ணி. "உன் மேல ஆணையாப் போடறேன், போயிட்டு வா கண்ணு" என்றாள் அம்மா. அந்த வாக்கை அவள் காப்பாற்றினாள். ஒரு வேளைகூடத் தவறவில்லை.

அண்ணன் ஓசூரில் இருந்தான், வாரக் கடைசியில்தான் வருவான். நான் கடத்தூரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன், காலையில் போனால் இருட்டித்தான் திரும்புவேன். நான் வரும்போது அம்மாவின் தட்டு கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கும். ஈரம்கூடக் காய்ந்திருக்காது. சாப்டியா என்றால் ஆச்சு என்பாள். பாப்பாவுக்குப் பருப்புச் சோறு பிசைந்து ஊட்டுவாள், விரலில் ஒட்டியதைக் கூட நக்காமல் கையை அலம்பிக்கொள்வாள். அதைப் பார்த்தேன், பார்த்ததை நினைக்கவில்லை. ராத்திரி அண்ணி வீடியோவில் கூப்பிடுவாள். எடுத்ததுமே "மாத்திரை?" என்பாள். அம்மா பெருமையாக, மாத்திரை கிழித்த அட்டையைப் போனுக்கு முன்னால் ஆட்டிக் காட்டுவாள். நடுவர் அட்டை காட்டுவது மாதிரி கையை உயர்த்திக் காட்டுவாள். அண்ணி அங்கிருந்து விழுந்து விழுந்து சிரிப்பாள். இன்றைக்கும் மருந்துக்கடையில் அந்த அட்டை கரகரவென்று கிழிபடும் சத்தம் கேட்டால் நான் வெளியே வந்துவிடுகிறேன்.

தேர்வன்று காலை மழை பெய்து ஓய்ந்து, சித்தேரி மலைப் பக்கமிருந்து ஊதல் காற்று வந்துகொண்டிருந்தது. நான் கடைக்கு லீவு சொல்லிவிட்டு இருந்தேன். அம்மா மாதா படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது, அப்படி ஒரு வேர்வை. "ஃபேனப் போடு, புழுங்குது" என்றாள். நான் குளிரில் போர்வையைச் சுற்றிக்கொண்டு நின்றிருந்தேன். பதற்றம் போல என்று நினைத்தேன், ஃபேனைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் என்னைப் பார்த்து, "ஏண்டி மருமவளே, ஓடப் போவாம இங்க என்ன பண்ற?" என்றாள். விளையாடுகிறாள் என்று, "ஓடி முடிச்சிட்டேன் அத்தை" என்றேன். அவள் சிரிக்கவில்லை. என்னை அடையாளம் தெரியாத கண்ணால் பார்த்தாள். ஜெபமாலை விரலில் நிற்காமல் நடுங்கியது. எழுந்திருக்கப் போனவள் அப்படியே பக்கவாட்டில் சரிந்தாள், பல் கிட்டிக்கொண்டது. நான் போட்ட கூச்சலில் தெருவே ஓடிவந்தது. பாப்பா மட்டும் சத்தமில்லாமல் சுவரோடு ஒட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். டாக்டரம்மா என்னைத் தனியாக அழைத்து, "சாப்பிடாம சுகர் மாத்திரை போட்டாங்களா? எத்தனை வேளையா சாப்பிடல?" என்று கேட்டார். அப்போதுதான் கவிழ்த்து வைத்த தட்டு எனக்கு உறைத்தது. சாப்பிடாமல் இருந்து மாத்திரையையும் விட்டிருந்தால் இப்படி ஆகியிருக்காது என்றார். சோறு இறங்காத உடம்பில் மாத்திரை மட்டும் வேளாவேளைக்கு இறங்கி, இருந்த சர்க்கரையையும் உறிஞ்சிவிட்டது, மூளை வெகுநேரம் பட்டினி கிடந்துவிட்டது. மாத்திரை சோற்றில் சேர்த்தி இல்லையே, அதனால் ஒருசந்தி கெடாது என்று அம்மா கணக்குப் போட்டிருக்கிறாள். ஒருசந்தி என்றால் எங்களுக்கு ஒருவேளை உண்டு மற்ற வேளை இருப்பது. அம்மா அந்த ஒருவேளையையும் கொடுத்துவிட்டிருந்தாள். வேண்டுதலும் கெடக் கூடாது, மருமகளுக்குச் சொன்ன வாக்கும் கெடக் கூடாது. இரண்டையும் ஒழுங்காகச் செய்தாள், பாவி மனுஷி.

டாக்டரம்மா பேசிக்கொண்டிருக்கும்போதே கையில் போன் அடித்தது. அண்ணி. மூச்சு வாங்கிக்கொண்டே, "கண்ணு, பாஸாயிட்டேன்! ஒரு சுத்துலகூட பிந்தல. அத்தைகிட்ட குடு, அத்தைகிட்ட குடு" என்று கத்தினாள். பின்னால் யார் யாரோ கைதட்டும் சத்தம் கேட்டது. நான் கண்ணாடிக் கதவு வழியாக அம்மாவைப் பார்த்தேன். "அம்மா தூங்குறாங்க அண்ணி" என்றேன். அம்மா எழுந்திருக்கவே இல்லை. மறுநாள் அண்ணி பையோடு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அம்மாவின் மூச்சு நின்றது. காலைப் பிடித்துக்கொண்டு கதறியவள், நிமிர்ந்து என்னைக் கேட்ட முதல் கேள்வி, "மாத்திரை போட்டாங்களா?" என்பதுதான். போட்டாங்க அண்ணி என்றேன். "வேளாவேளைக்கா?" வேளாவேளைக்கு என்றேன். அண்ணன் என்னை வெளியே இழுத்துக்கொண்டு போய், "டாக்டர் சொன்னது நம்ம ரெண்டு பேரோட போவட்டும். போடச் சொன்னது அவதான்னு தெரிஞ்சா அவ உசுரோட இருக்க மாட்டா" என்றான். சுகர் இறங்கிடுச்சு என்று மட்டும் சொன்னோம். அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஒருசந்தியை மறைக்க முடியவில்லை. தேர்வுக்கு முந்தின நாள் பலகாரம் கொண்டுவந்து கொடுத்த பக்கத்து வீட்டுச் சித்தியிடம், வேண்டுதல் என்று சொல்லி அம்மா வாங்க மறுத்திருக்கிறாள். வருஷக் கடைசியில் பட்டியல் வந்தது, அண்ணியின் பெயரும் வந்தது. அவ்வளவுதான். "உசுரையே குடுத்து மருமவளுக்கு வாங்கிக் குடுத்துட்டா மகராசி" என்று ஊர் சொல்லத் தொடங்கியது. கோயில் வாசலில் சொன்னார்கள், பஸ்ஸில் சொன்னார்கள், பாப்பாவைத் தூக்கி வைத்துக்கொண்டு அவள் கன்னத்தைக் கிள்ளிச் சொன்னார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அதுதான் எனக்குக் கிலி. அண்ணி ஆசியப் பெண்கள் ஆட்டங்களுக்கு ஊர் ஊராகப் போனாள். போனில் அவள் பேட்ஜோடு மைதானத்துக்குள் வருவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையில் கண் நிறையும், அடுத்த நொடி அந்த ஃபேன் சத்தம் காதில் கேட்கும். ஒவ்வொரு வருஷமும் தேர்வு நெருங்கும்போது வீட்டில் பேச்சுக் குறையும். சித்தி மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு, "இந்த வருசம் யாரு ஒருசந்தி?" என்று கேட்டுச் சிரிப்பாள். எனக்கு அவள் வாயில் சூடு போடலாமா என்று இருக்கும்.

இப்போது பாப்பா ஐந்தாம் வகுப்பு. தரவரிசை அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு, எந்த நாடு ஏறியது, எது இறங்கியது என்று கேட்ட மாத்திரத்தில் சொல்வாள். அண்ணிக்கும் வயது ஏறிவிட்டது. போன தேர்வில் ஒரு எச்சரிக்கை வாங்கி, தட்டுத் தடுமாறித்தான் தேறினாள். இந்த வருஷம் தேறினால் பெரிய ஆசியப் போட்டிக்கு நடு விசிலே, அதாவது முதன்மை நடுவர் இடமே, கிடைக்கும் என்கிறார்கள். தேர்வுக்கு இன்னும் சில நாட்கள்தான் இருக்கின்றன. நேற்று பள்ளியிலிருந்து டீச்சர் போன் செய்தார். "பாப்பா மத்தியானம் சாப்பிடறதே இல்லீங்க. சோத்த நாய்க்குப் போட்டுடறா. கேட்டா சிரிக்கறா" என்றார். கடையில் சொல்லிவிட்டு அப்போதே வீட்டுக்குக் கிளம்பினேன்.

பள்ளி விட்டு வந்ததும் அவளை அடுக்களைக்குள் இழுத்து உட்கார வைத்து, முன்னால் சோற்றுத் தட்டை வைத்தேன். ஏன் சாப்பிடவில்லை என்றேன். "வேண்டிக்கிட்டிருக்கேன் அத்தை." என்னவென்று? "சொன்னா பலிக்காது." யாருடி உனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது என்று கத்தினேன். அவள் மிரளவில்லை. "ஆயா ஒருசந்தி இருந்தாங்கல்ல? அதனாலதான அம்மாவுக்கு பேட்ஜ் வந்துச்சு? ஊரே சொல்லுது" என்றாள். அம்மாவின் அதே பிடிவாதம், அதே தாடை. அடித்தால் கேட்காது, கெஞ்சினாலும் கேட்காது என்று எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் கட்டிக் காத்ததை அவிழ்ப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "பேட்ஜ் உங்கம்மா ஓடி வாங்குனது. ஆயா ஒருசந்தியால ஒண்ணும் வரல. சோறு திங்காம சுகர் மாத்திரைய மட்டும் போட்டுக்கிட்டே இருந்தாங்க, அந்த மாத்திரைதான் அவங்களக் கொன்னுச்சு. டாக்டரம்மா என்கிட்டதான் சொன்னாங்க. புரியுதா? மாத்திரைடி."

சொல்லி முடித்து நிமிர்ந்தால் வாசற்படியில் அண்ணி நின்றிருந்தாள். ஓடிவிட்டு வந்தவள், ஷூவைக்கூடக் கழற்றவில்லை. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று கேட்கத் தேவை இருக்கவில்லை. அவள் உதடுகள் "போடச் சொன்னது நான்" என்று அசைந்தன, சத்தம் வரவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே உட்கார்ந்தாள். நான் அவளைப் பார்ப்பதா குழந்தையைப் பார்ப்பதா என்று தெரியாமல் நின்றேன்.

பாப்பா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏதோ பெரிய பாரம் இறங்கினது போல அவள் முகம் தெளிந்தது. நான் முன்னால் வைத்த தட்டை மெதுவாக என் பக்கமே திருப்பித் தள்ளினாள்.

"அப்ப எனக்கு ஒண்ணும் ஆவாது அத்தை. நான்தான் மாத்திரையே போடறதில்லையே."